கொல்லாமல் அளந்த கால்சியம்

பாலக்காட்டில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, செத்த செல்களை மாணவர்களுக்குக் காட்டுவது. டெமான்ஸ்ட்ரேட்டர் என்று பெயர். தற்காலிகப் பணிதான்; ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப்பிப்பார்கள். வேர் நுனியோ பூமொட்டோ, எதுவானாலும் முதலில் ஃபார்மலினும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தில் போட்டு உயிரைப் போக்க வேண்டும். பிறகு மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் மெல்லிசாகச் சீவி, சிவப்புச் சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் ஒட்ட வேண்டும். எங்கள் துறைத் தலைவர் அந்த வேலையில் பேர்போனவர். அவர் சீவிய தகடுகளைப் பார்க்க வேறு ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வரும். கல்பாத்தியில் வீடு. காலை எட்டு மணிக்கு மைக்ரோடோம் முன்னால் உட்கார்ந்தால், சாப்பாட்டு நேரம் தவிர எழுந்திருக்க மாட்டார். அவரைக் குறைத்துச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஆனால் செல் என்பது செத்த பிறகு பார்க்க வேண்டிய பொருள் என்று அவர் உறுதியாக நம்பினார். நான் நம்பவில்லை.

எழுபதுகளின் கடைசி ஆண்டுகள் அவை. எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். இடுக்கி மலையில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர் என் அம்மா. தொழிலாளர்களுக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து எம்.எஸ்ஸி. வரை படித்தவள் நான் ஒருத்திதான். அதனாலேயே, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருப்பேன் என்று கல்லூரியில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

அந்த வருஷம் நூலகத்தில், கப்பலில் ஊர்ந்து வந்து சேரும் ஓர் ஆங்கில ஆய்விதழில் ஒரு விஷயம் படித்தேன். மருந்துக் கடையில் கிடைக்கும் குளோர்டெட்ராசைக்ளின் என்ற மஞ்சள் மருந்து உயிருள்ள செல்லுக்குள் தானாகப் போய்விடும். உள்ளே சவ்வுகளின் ஓரம் கால்சியம் இருக்கும் இடத்தில் அதைப் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்ட பிறகு அதன்மேல் ஊதா வெளிச்சத்தைப் பாய்ச்சினால் மஞ்சளாக ஒளி விடும். கால்சியம் கூடினால் ஒளியும் கூடும். செல்லைக் கொல்ல வேண்டாம், சீவ வேண்டாம். அது வளர்ந்துகொண்டிருக்கும்போதே உள்ளே எங்கே எவ்வளவு என்று கண்ணால் பார்க்கலாம்.

அந்த மருந்தின் குடும்பம் எனக்குப் புதிதல்ல. சின்ன வயதில் காய்ச்சல் என்று போனால் தோட்டத்து டிஸ்பென்சரியில் டெட்ராசைக்ளின்தான் தருவார்கள். முளைத்துக்கொண்டிருந்த என் பற்களின் கால்சியத்தோடு அது ஒட்டிக்கொண்டது. முன்பற்களின் குறுக்கே ஒரு மஞ்சள் பட்டை விழுந்துவிட்டது. பல் விளக்காதவள் என்று கேலி கேட்டே வளர்ந்தவள் நான். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் அப்படி வந்ததுதான். அந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது ஆர்வம் அல்ல, கோபம். என் பல்லைக் கெடுத்த மருந்து எனக்கு ஒரு வேலை செய்து தரட்டும் என்று நினைத்தேன்.

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். மகரந்தத் தூளைச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டால் அதிலிருந்து நூல் மாதிரி ஒரு குழாய் முளைத்து நீளும். அதன் நுனி மட்டும்தான் வளரும். நுனியில் கால்சியம் கூடுதலாக இருக்கிறதா என்று உயிரோடு பார்க்க வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"உசிரோட இருக்கற செல்லுக்குள்ளே என்னத்தை அளக்கறது? அது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். முதல்லே கொல்லு. அப்பறம் பாரு."

"அந்த மாற்றத்தத்தான் சார் பாக்கணும்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகள் திருத்தாமல் கிடக்கின்றன என்று நினைவுபடுத்தினார். ஒளிரும் சாயத்தைப் பார்க்கும் மைக்ராஸ்கோப் இந்த ஜில்லாவிலேயே கிடையாது, அதை வாங்கித் தரும் எண்ணமும் தமக்குக் கிடையாது என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நான் சரி என்றது, அவர் வாங்கித் தர மாட்டார் என்பதற்கு மட்டும்தான்.

பெண்கள் விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் பக்கத்தில் நல்லேப்பிள்ளி என்ற ஊர்க்காரி. நெல் விவசாயம் செய்யும் குடும்பம். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. என்னைவிட இரண்டு வயது மூத்தவள்தான். இருந்தாலும் கல்லூரியில் வேலை பார்க்கிறேன் என்பதற்காக என்னை "டீச்சர்" என்றும் "ங்க" போட்டும்தான் பேசுவாள். மாற்றச் சொன்னாலும் கேட்க மாட்டாள். ஊதா வெளிச்சம் தரும் விளக்குக்கு எங்கே போவது என்று ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவளிடம் புலம்பினேன். அவள் அதைப் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏனுங்க டீச்சர், எங்க ஷெட்டுல மேல மாட்டுற பாதரச பல்பு ரெண்டு ஒடஞ்சு கெடக்குதுங்க. வெளிக் கண்ணாடிதான் போச்சு. உள்ளாற இருக்கற குழாய் எரியுது. குப்பையிலதான் போடப் போறாங்க, வேணுங்களா?"

மேலதிகாரியிடம் எழுதி வாங்கி, கேட் பாஸ் போட்டு, பல்பையும் அதற்கான சோக்கையும் ஒரு சாக்குப் பையில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவந்தாள். வெளிக் கண்ணாடி இல்லாத அந்தக் குழாயின் வெளிச்சம் கண்ணைக் கெடுத்துவிடும். அதனால் அதை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடைத்து ஒரே ஒரு துளை போட்டோம். மற்ற நிறங்களைத் தடுத்து ஊதாவை மட்டும் விட ஒரு வடிகட்டி வேண்டும். அதற்கு நான் கடைக்குப் போகவில்லை. தேயிலைக்கு நோய் வந்தால் எங்கள் தோட்டத்தில் மயில்துத்தம் அடிப்பார்கள். அதே மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்து அம்மோனியா விட்டால் மை போன்ற நீலம் வரும். அதை உருண்டைக் குடுவையில் ஊற்றி டின்னின் துளைக்கு முன்னால் வைத்தேன். செய்முறை அறையின் சாதாரண மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கும் பக்கத்துக்கு, போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் மேகம் தெரிவதற்காக லென்ஸில் மாட்டும் மஞ்சள் கண்ணாடி ஒன்று.

இருட்டு வேண்டும். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் செய்முறை அறை காலி. அதன் பொறுப்பும் சாவியும் என்னிடம் இருந்தன. ஆனால் பாலக்காட்டு வெயில் ஐந்து ஜன்னல்கள் வழியாக உள்ளே வந்தது. மழையில் கொழுந்து பறிக்கும்போது தலையில் போட்டுக்கொள்ளக் கம்பெனி தரும் கறுப்புக் கம்பளிகளை அம்மாவிடம் கேட்டு எழுதினேன். எதற்கு என்று கேட்காமல் அக்கம்பக்கத்து வீடுகளில் கிடந்த பழசையும் சேர்த்துக் கட்டி பஸ் பார்சலில் அனுப்பிவைத்தாள். அவற்றை ஆணியடித்துத் தொங்கவிட்டதும் அறை இருண்டது. புகையும் ஈரமும் கலந்த லயத்து வாசம் தாவரவியல் துறைக்குள் வந்து உட்கார்ந்தது.

முதல் சனிக்கிழமை விளக்கைப் போட்டு, குடுவையின் வெளிச்சம் சரியாக வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வந்து எதிரே நின்ற அறைத்தோழி சட்டென்று என் தோளைப் பிடித்தாள்.

"டீச்சர், சிரிங்க. கையை எடுத்துட்டுச் சிரிங்க. உங்க பல்லு மின்னுதுங்க."

அவள் கைப்பைக் கண்ணாடியில் பார்த்தேன். ஊதா இருட்டில் என் முன்பற்களின் பட்டை மட்டும் மஞ்சளாக எரிந்தது. இருபது வருஷத்துக்கு முந்தைய மருந்து இன்னும் கால்சியத்தை விடாமல் பிடித்துக்கொண்டு ஒளி விட்டது. விளக்கும் வடிகட்டியும் சரி என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. நாங்கள் இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தோம். வாயை மூடும் பழக்கம் அன்றோடு போயிற்று.

மகரந்தத்துக்கு விடுதி முற்றத்துக் காசித்தும்பை இருந்தது. மழைக்காலம் முழுக்கப் பூக்கும். அதன் மகரந்தம் கால் மணி நேரத்துக்குள் முளைத்துவிடும். ஆனால் வேலை அவ்வளவு எளிதாக முடியவில்லை. முதல் மாதம் பார்த்ததெல்லாம் பிசகு. மருந்தைக் கூடுதலாகப் போட்டேன். குழாய் வளர்ச்சி நின்று, அப்படியே செத்துப்போயிற்று. குறைத்தேன்; ஒன்றுமே தெரியவில்லை. காப்சூலில் மருந்தோடு கலந்திருந்த மாவு துகள் துகளாக மின்னி என்னை ஏமாற்றியது. வடித்தாள் போட்டு வடிகட்டி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரே ஒரு விதியை மட்டும் வைத்துக்கொண்டேன். மருந்து போட்ட பிறகும் குழாய் வளர்ந்தால்தான் அந்தப் பார்வை கணக்கில் சேரும். வளர்ச்சி நின்றுவிட்டால் எவ்வளவு அழகாக ஒளிர்ந்தாலும் வேண்டாம்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை அது தெரிந்தது. கறுப்புப் பரப்பில் மங்கலாக ஒரு குழாய். அதன் நுனியில் மட்டும் தீக்குச்சி பற்றிய மாதிரி மஞ்சள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நுனி நகர்ந்தது. குழாய் முன்னால் போகப் போக ஒளியும் அதன் முகப்பிலேயே போனது. மேசையை அசைக்காமல் எழுந்து தள்ளி நின்றுகொண்டு, அறைத்தோழியைப் பார்க்கச் சொன்னேன். அவள் பார்த்துவிட்டு, "உசுரோட இருக்குதுங்க" என்றாள்.

பார்த்தால் மட்டும் போதாது, அளக்க வேண்டும். ஒளியை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. ஃபிலிம் இருந்தது. இரவல் கேமராவை மைக்ராஸ்கோப்பின் மேல் கட்டி, சாயம் மங்குவதற்குள் படமெடுத்தேன். அதே ஃபிலிமில், தெரிந்த வெளிச்சத்தை ஒரு விநாடி, இரண்டு, நான்கு என்று கூட்டிக் கூட்டி விழவைத்து, வெளுப்பிலிருந்து கறுப்பு வரை படிப்படியாக ஒரு பட்டை எடுத்துக்கொண்டேன். நெகடிவில் குழாயின் நுனி எவ்வளவு கறுத்திருக்கிறது, நடுப்பகுதி எவ்வளவு என்று அந்தப் படிகளோடு ஒப்பிட்டுக் குறித்தேன். செல்லுக்குள் இத்தனை அளவு கால்சியம் என்று இதை வைத்து அறுதியிட முடியாது. நுனியில் நடுப்பகுதியைவிட இத்தனை படி கூடுதல் என்று சொல்லலாம். அதற்குமேல் ஒரு சொல் கூட்டிச் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே எழுதி வைத்திருந்தேன்.

தீபாவளி விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை, மறந்துபோன குடையை எடுக்கத் துறைத் தலைவர் வந்தார். கம்பளி தொங்கும் ஜன்னல்களையும் பிஸ்கட் டின்னையும் பார்த்தார். நான் பயந்தேன் என்பது உண்மைதான். ஆனால் விளக்கை அணைக்கவில்லை. "பாருங்க சார்" என்று நாற்காலியை நகர்த்திக் கொடுத்தேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, மகரந்தத்தின் மேலோட்டுக்குச் சுயமாகவே ஒளி உண்டு, நான் கால்சியத்தைப் பார்க்கவில்லை, அந்த மேலோட்டைத்தான் பார்க்கிறேன் என்றார். அது நியாயமான கேள்வி. அதை நான் என்னிடமே கேட்டு முடித்திருந்தேன். மருந்து போடாத குழாயைக் காட்டினேன். ஓடு லேசாக மினுங்கியது, நுனி இருட்டாகவே இருந்தது. கொதிநீரில் கொன்ற குழாயைக் காட்டினேன். ஒளி நுனியில் இல்லாமல் எங்கும் ஒரே மாதிரி கலங்கிக் கிடந்தது. கடைசியாக, ஒளிர்ந்துகொண்டிருந்த உயிருள்ள குழாய்க்கு, கால்சியத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. என்ற உப்பை ஒரு சொட்டு விட்டேன். அவர் கண்ணை எடுக்காமல் இருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுனி மங்கி அணைந்தது, குழாயும் நின்றது.

அவர் எழுந்தார். குடையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். நல்ல வேலை என்று சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு மனம் வந்ததில் எனக்கு அப்போது சந்தோஷம்தான். எழுதிக் கொண்டுவா, அனுப்பலாம் என்றார். எழுதிக் கொண்டுபோனேன். என் பெயரை அடித்துவிட்டுத் தம் பெயரை எழுதினார். கடைசிப் பக்கத்தில், செய்முறை உதவிக்கு நன்றி என்று ஒரு வரியில் என்னைச் சேர்த்தார்.

"துறையிலே நடந்த வேலை. துறை பேர்லே போகணும். அதுதான் முறை."

"சார், இது நான் செஞ்சது. என் பேர்ல போகட்டும். இல்லன்னா போக வேண்டாம்."

"உன் பேர்லே போட்டால் யார் படிப்பா?"

"படிக்கிறவங்க படிக்கட்டும் சார்."

நான் தாளை அவர் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் செய்முறை அறையின் சாவியைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்தது. ஏப்ரல் வரை ரெக்கார்டு நோட்டுகள் மட்டும் திருத்தினேன். ஜூன் மாதம் என் பணியைப் புதுப்பிக்கவில்லை. காரணம் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. மறுபடி எழுதினேன். மூன்றாவது கடிதத்தை நேரில் கொண்டுபோய் அலுவலகத்தில் முத்திரை வைக்கச் சொல்லி, நகலை வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினேன். பதில் வராது என்று தெரியும். நான் கேட்டேன் என்பது அவர்கள் கோப்பில் இருக்கட்டும்.

உடுமலை வழியாக மறையூர் ஏறித் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்திருந்தது. அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைத் தட்டிக்கொடுப்பாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் அடுப்பைப் பார்த்தபடி கேட்டாள்.

"பேருதானட்டி. அவுக பேரப் போட்டா உனக்கு என்ன தேஞ்சா போயிரும்? வேலய விட்டுட்டு வந்து நிக்கியே."

"நான் விடலம்மா. அவுகதான் எடுத்துட்டாக."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. முப்பது வருஷம் மலைச் சரிவில் நின்று என்னைப் படிக்கவைத்தவள் அவள். ஆனாலும் எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரோடு வேறு யார் பெயரையும் நான் சேர்க்கவில்லை. மழை ஓயாத அந்த ஜூலையில், தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்து கட்டுரையைப் படங்கள் நீங்கலாக ஒரு பக்கமாகச் சுருக்கினேன். நல்லேப்பிள்ளிக்காரி அதைத் தன் கம்பெனித் தட்டச்சுக்காரியிடம் சாப்பாட்டு இடைவேளையில் அடித்து வாங்கி அனுப்பினாள். நன்றி வரியில் அவள் பெயரை எழுதினேன். வேண்டாம் என்று அவள் தபாலில் எழுதிய பிறகும் எடுக்கவில்லை.

முகவரி என்று இருந்த இடத்தில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்து எண் எழுதினேன். ஆய்விதழ் ஆசிரியர் ஒரு மாதத்தில் பதில் போட்டார். கட்டுரை சரி, நிறுவனத்தின் பெயர் விட்டுப்போயிருக்கிறது, தெரிவிக்கவும் என்றிருந்தது. விட்டுப்போகவில்லை, நான் எந்த நிறுவனத்திலும் இல்லை, இதுதான் என் முகவரி என்று எழுதினேன். அவர் ஒத்துக்கொண்டார். அல்லது வாதாட நேரமில்லாமல் விட்டுவிட்டார். எப்படியோ அச்சில் வந்தது.

பிரதி வந்த அன்று தோட்டத்து ஆபீஸ் கிளார்க் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். லயத்து முகவரிக்கு இங்கிலீஷ் புத்தகம் எதற்கு வருகிறது என்று விசாரித்தார். நான் எழுதியது என்றேன். இனிமேல் பிரிக்காமல் கொடுங்கள் என்றும் சொன்னேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, எண்கள் தெரியும். பக்கத்தில் விரலை ஓட்டி லயத்து எண்ணைக் கண்டுபிடித்தாள். "நம்ம வீட்டு நம்பரு" என்றாள். அந்த இதழைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போனாள். என்னோடு வரவில்லை, தனியாகத்தான் போனாள்.

அந்த வருஷமே மறையூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. ஆராய்ச்சி என்று அதற்குப் பிறகு நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. கால்சியத்துக்கென்றே செய்த சாயங்கள் வந்தன, செல்லுக்குள் போய் அளவையே சொல்லிவிடும் சாயங்கள். அவற்றைப் பற்றிப் பல வருஷம் கழித்துப் படித்தபோது பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமையை நான் மறைத்ததில்லை.

பள்ளியில் சேர்ந்த முதல் டிசம்பரில், தோட்டத்து முகவரிக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு ஓர் அஞ்சலட்டை வந்தது. பாலக்காட்டு முத்திரை. துறைத் தலைவரின் பொடி எழுத்து. வணக்கம் இல்லை, விசாரிப்பு இல்லை. "கட்டுரை பார்த்தேன். மூன்றாம் படம் தெளிவு. ஈ.டி.டி.ஏ. எவ்வளவு விட்டாய் என்று எழுதவில்லை. அது இல்லாமல் வேறொருவர் செய்து பார்க்க முடியாது."

ஆசிரியர் அறையில் நின்றபடியே, கையோடு வைத்திருந்த பழைய ஆய்வு நோட்டைப் புரட்டினேன். அவர் சொன்னது சரி. ஒரு பக்கமாகச் சுருக்கியபோது அந்த எண் விழுந்துவிட்டிருந்தது. அவர் சொன்னது சரி என்பதில்தான் எனக்கு அன்று அத்தனை ஆத்திரம். சாயங்காலம் பள்ளி விட்டதும், ஒருவர் சுட்டிக்காட்டியதால் திருத்துகிறேன் என்று ஆய்விதழ் ஆசிரியருக்கு இரண்டு வரியில் திருத்தம் எழுதினேன். பிழையைச் சுட்டிக்காட்டியவருக்கு நன்றி சொல்வது வழக்கம், அவர் பெயரைச் சேர்க்கலாமா என்று இதழாசிரியர் கேட்டு எழுதினார்.

வேண்டாம் என்று பதில் போட்டேன்.